பதினோராயிரம் கிலோமீட்டர் நீண்ட சாயங்காலம்

அநியாயம் செய்யப்பட்டது என் பெரியப்பா மகள் தையல்நாயகிக்கு. செய்தவர் என் அப்பா சபாபதி. பெற்ற தகப்பனின் முகத்தை நெருப்பு தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு, அந்த நெருப்பைத் தன் கையாலேயே வைக்க வேண்டும் என்று ஆக்லாந்திலிருந்து போனில் அழுதவளுக்கு, ஓடக்குடி ஊரே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, முடியாது என்ற வார்த்தையை வாயில் எடுக்காமலே முடியாது என்று சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதில்தான் மீதிக் கதை முழுவதும் இருக்கிறது, ஆகையால் அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

“பொழுது சாயற வரைக்கும் வச்சிருக்கோம் தாயி. அதுக்கு மேல ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல.”

எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் நேராக மறுப்புச் சொல்வதில்லை. ‘பார்க்கலாம்’ என்றால் நடக்காது, ‘சொல்லி அனுப்புறேன்’ என்றால் இனி இந்த வாசலுக்கு வராதே. பெரியப்பா அன்று விடியற்காலையில் இறந்திருந்தார். தையலக்காவுக்கு மறுநாள் முற்பகலுக்கு முன்னால் எந்த வழியிலும் ஊர் வந்து சேர முடியாது. அப்படியானால் பொழுது சாய்கிற வரைக்கும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பதினெட்டு வயது வரை இந்த ஊரில் வளர்ந்த தையலக்காவுக்கும் தெரியும், அதனால்தான் அவள் “சரி சித்தப்பா” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அப்பாவின் பேச்சைச் சொன்னது சொன்னபடி எடுத்துக்கொண்டது சூரியன் ஒன்றுதான்.

சூரியனிடம் வருவதற்கு முன் என் வாதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் திருச்சியில் புவியியல் எம்.ஏ. படிக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் எதிர்வீட்டு மணியக்காரர் இறந்தபோது அவர் மகன் டொராண்டோவில் இருந்தான். அங்கே பனி கொட்டி விமானம் ரத்தாகி, அடுத்த விமானமும் ரத்தாகி, அவன் வந்து சேரும்வரை இந்த ஊர் இரண்டு நாள் குளிர்பெட்டியையும் ஜெனரேட்டரையும் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் காத்திருந்தது. உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் டொராண்டோவிலிருந்து திருச்சி பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே. ஆக்லாந்திலிருந்து பதினோராயிரத்துச் சொச்சம்தான். அதாவது ஆண்பிள்ளை பறந்தால் பூமி சுருங்குகிறது, பெண்பிள்ளை பறந்தால் பூமி உப்பிவிடுகிறது, இப்படியொரு விதியை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை என்று பந்தலுக்கு நடுவில் நின்று அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் மணியக்காரர் வீடு வேறு என்றார், பிறகு அது தை மாதம் இது வைகாசி என்றார், பிறகு, போ, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடு என்றார்.

“விட்டுத்தள்ளுடி எம்மே,” என்றாள் சிவகாமி அத்தை. இறந்தவருக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள், படிப்பை வைத்தே என்னைக் கூப்பிடுகிறவள். “ஒங்கப்பன் பேச்சுல என்னிக்கு வாசல் இருந்துச்சு? எல்லாம் சன்னல்தான். எட்டிப் பாக்கலாம், உள்ள போக முடியாது.”

பெட்டிக்குள் படுத்திருந்த வைத்தியலிங்கம் பெரியப்பா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் ஒற்றைப் பெண்ணைத் தானே தலைவாரிவிட்டு வளர்த்தவர். அவள் நர்ஸாகி நியூசிலாந்துக்குப் போனபோது அது எத்தனை ஸ்டேஜ் தள்ளி இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர். அவரைப் பற்றி எங்கள் தடத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: தூரத்தில் ஒரு ஆள் ஓடி வருவது கண்ணில் பட்டுவிட்டால் அந்த மனுஷன் விசில் ஊதமாட்டார்.

பாடை கட்டி முடித்தார்கள். மேளக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். கரூரிலிருந்து வர வேண்டிய சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், அழ வேண்டியவர்கள் அழுதார்கள், வெயில் மஞ்சளாகிச் சூரியன் ரைஸ்மில் புகைபோக்கிக்கு ஒரு பனை உயரத்துக்கு மேலே இறங்கி வந்தது, அங்கேயே இருந்தது. முதலில் கவனித்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள்தான்; பந்தல்காலின் நிழல் நகர்ந்து தங்கள் முகத்துக்கு வரும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள், அது வராததால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலிடம் போனார்கள். ஏழு மணிச் செய்தி டிவியில் ஓடியது, நிழல் ரேஷன் கடைப் படியில் வைத்த தலையை எடுக்கவில்லை. எட்டு மணிக்குத் தொடர் ஓடியது, வெயில் அதே மஞ்சளில் அதே சாய்வில் எல்லோருடைய இடது கன்னத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை. சாவு வீட்டில் எதற்கும் சத்தம் போடக் கூடாது என்பதாலோ என்னவோ, வானத்தை ஒருமுறை பார்ப்பதும் அடுத்தவர் முகத்தை ஒருமுறை பார்ப்பதும் தொண்டையைச் செருமிக்கொள்வதுமாக இருந்தார்கள்.

அப்பா எழுந்து துண்டை இடுப்பில் இறுக்கி, எடுத்துவிடலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், பந்தலுக்கு டீ கொண்டுவந்திருந்த ஜமால் பாய் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய் நின்று மெதுவாகத்தான் சொன்னார்.

“சபாபதி, அந்தப் புள்ளைகிட்ட பொழுது சாயற வரைக்கும்னு சொல்லிட்டீங்க. ஊரே கேட்டுச்சு. பொழுது நிக்குதுங்களே.”

அப்பா மேற்கே பார்த்தார். எங்கள் ஊரில் வாக்குத் தவறினார் என்று இதுவரை பேர் வாங்காதவர், ஏனென்றால் பிடிகொடுத்து எந்த வாக்கும் கொடுத்ததில்லை. இப்போது தப்பித்துப்போகச் சொன்ன ஒரு சொல், மேற்கே எரியும் சாட்சியோடு வாக்காக மாறி அவர் காலடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் மறுபடியும் நாற்காலியில் அமர்ந்தார். மேளக்காரர்கள் பறைகளைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தச் சாயங்காலத்துக்குள் குடியேறத் தொடங்கியது. விளக்கு வைக்கிற நேரம் வராததால் எந்த வீட்டிலும் விளக்கு வைக்கவில்லை. பூக்காரி கூடையில் மல்லிகை மொட்டு மொட்டாகவே இருந்தது. மாடுகள் மேய்ச்சலை விட்டு வர மறுத்து வயல்வரப்பிலேயே படுத்துக்கொண்டன. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள், சொன்ன சொல்லைத் தட்டாமல், கிரிக்கெட் ஆடி ஆடி மட்டையைத் தலைக்கு வைத்து அங்கேயே தூங்கிப்போனார்கள். ஜமால் பாய் கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், மஃரிப் தொழுகைக்கு எதை நம்புவது என்று தெரியாமல், வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு நடந்தார். ஏனென்றால் அக்கரையில் இருட்டிவிட்டிருந்தது.

ஆமாம், நின்றது எங்கள் ஊர்ச் சூரியன் மட்டும்தான். பாலத்தின் பாதி வரை வெயில், அதற்கு அப்பால் நட்சத்திரம். திருச்சியிலிருந்து வரும் கடைசி பஸ் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு இருட்டில் வந்து, பாலத்தில் பாதி ஏறியதும் டிரைவர் எதுவுமே நடக்காததுபோல் விளக்கை அணைத்துக் கண்ணுக்கு மேலே வெயில் மறைக்கும் தகட்டை இறக்கிக்கொண்டார். அக்கரைக்காரர்கள் டார்ச் அடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள், ஒரு கால் ராத்திரியிலும் ஒரு கால் சாயங்காலத்திலும் வைத்து நின்று படம் எடுத்தார்கள், பிறகு வெட்கப்பட்டு, எட்டு மணிக்கு மேல் துக்கம் கேட்க வரக்கூடாது என்ற முறை இங்கே பொருந்துமா என்று கேட்டுவிட்டு, பந்தலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பெரியப்பாவின் பஸ்ஸை ஓடிப் பிடித்தவர்கள். அவர்கள்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தது: ஓடி வருகிற ஆளுக்காக விசில் ஊதாமல் நின்ற புண்ணியம், இன்றைக்கு வானம் அவருக்காக நிற்கிறது என்று.

அதற்குள் அந்தப் புண்ணியத்துக்கு உரிமை கேட்டு, டொராண்டோவை விட்டு ஊரோடு வந்துவிட்ட மணியக்காரர் மகன் முதற்கொண்டு நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஊர்க் கோயிலின் சக்தி என்றார் ஒருவர், எங்கள் வம்சத்தின் நேர்மை என்றார் இன்னொருவர். நிற்பது அவருக்காக என்றால், ஓடி வருகிறவள் யார் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றேன் நான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றார்கள். சூரியன்கூடத்தான் குறுக்கே பேசிக்கொண்டிருக்கிறது, அதையும் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அண்ணன் பிணத்துக்கு முன்னால் சிரித்துவிட்டதற்காக உடனே அழுதாள்.

தையலக்கா விமானம் ஏறுமுன் அதன் எண்ணை எனக்கு அனுப்பியிருந்தாள். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. நான் அதைத் திறந்து திண்டாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, அந்தக் கொசு மாதிரி இருப்பது என்ன என்று கேட்டாள். அதற்குள்தான் தையலக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் பந்தலிலிருந்த பெண்கள் எல்லோரும் என் முதுகின் மேல் இருந்தார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து டிவியையே தூக்கி வரச் சொன்னாள், படத்தை அதில் பெரிதாகப் போட்டோம், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், பெரியப்பாவும் பார்ப்பதற்குத் தோதாக. உலகப்படத்தில் ஆஸ்திரேலியாவின் குறுக்கே ஒரு வளைந்த கோட்டின் மேல் அந்தக் கொசு நகர்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி நகர்ந்துகொண்டிருந்தது. ராத்திரி படர்ந்த இடமெல்லாம் படத்தில் கருநீலமாக இருந்தது. அந்தக் கருநீலத்துக்கு நடுவில், ஊசிமுனை அளவுக்கு, எங்கள் ஊர் மட்டும் மஞ்சளாக இருந்தது.

இப்போது எங்கே இருக்கிறாள் என்றார்கள். பாலைவனத்துக்கு மேலே என்றேன். கீழே ஊர் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். ஐயோ, தாகம் எடுத்தால் என்ன செய்வாள் என்று ஒருத்தி உண்மையிலேயே பதறினாள். கோடு ஏன் நேராக இல்லாமல் வளைந்து போகிறது, டிரைவருக்கு வழி தெரியாதா என்று கேட்டார்கள், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பூமி உருண்டை என்பதால் வளைந்து தெரிவதுதான் நேர்வழி என்று விளக்கினேன், என் பேராசிரியருக்குக்கூட அவ்வளவு அமைதியான வகுப்பு கிடைத்ததில்லை. ஆண்களும் ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். காலையில் அவ்வளவு தூரத்திலிருந்து அவள் எங்கே வந்து சேர்வது என்று உதட்டைப் பிதுக்கிய அதே வாய்கள், திமோர் கடலைத் தாண்டிவிட்டாள், இனி ஜாவாதான் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. தூரம் என்பது அதுவரை எங்கள் ஊரில் ஒரு சாக்காக மட்டும்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அதற்குத் தண்ணீரும் மணலும் தீவும் இருப்பதை ஊர் கண்ணால் பார்த்தது, பார்த்து மலைத்தது, ஒரு பெண் தன்னந்தனியாக, இருட்டுக்கு மேலே, கையை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவையும் கடந்து வந்துகொண்டிருக்கிறாள் என்று.

சிங்கப்பூரில் கொசு இறங்கிக் காணாமல் போனது. அடுத்த விமானம் பிடிக்க அங்கே விடிகிற நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்றேன். சாவுக்குப் போகிற பிள்ளையை உட்கார வைத்து வேடிக்கை பார்க்கிறார்களா, அங்கே பெரியவர்கள் யாரும் இல்லையா, கொஞ்சம் இரக்கம் வேண்டாமா என்று பந்தலில் கொந்தளித்தார்கள், காலையிலிருந்து நான் கொந்தளித்த அதே கொந்தளிப்பு, வேறொரு விலாசத்துக்கு. அப்பா மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கரையில் மறுநாள் விடிந்தது. அங்கே கிழக்கில் ஒரு சூரியன், இங்கே மேற்கில் ஒரு சூரியன். பாலத்தின் நடுவில் நடந்தவர்களுக்கு முன்னால் ஒரு நிழலும் பின்னால் ஒரு நிழலும் விழுந்தது, இரண்டில் எது தன்னுடையது என்று தெரியாமல் ஆட்கள் இரண்டையும் மிதிக்காமல் நடந்தார்கள். பால் கறக்கிறவர்கள் கறந்தார்கள், தூங்க வேண்டியவர்கள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கி எழுந்தார்கள். முற்பகலில், எங்கள் ஊருக்கு மேல் தாழ்ந்து இறங்கும் சிங்கப்பூர் வண்டி, தினமும் நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காத அந்த வண்டி, அக்கரையின் வெள்ளை வெளிச்சத்திலிருந்து எங்கள் மஞ்சள் வெளிச்சத்துக்குள் வந்தது. அதன் வயிறு முழுவதும் பொன்னாக ஒரு முறை மின்னியது. பந்தலிலிருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

கார் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தையலக்கா இறங்கி, குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நிழலோடு பாலத்தில் நடந்து, பாதிக்கு மேல் ஒரு நிழலோடு வந்தாள். சாவு வீட்டில் யாரையும் வா என்று கேட்கக் கூடாது, யாரும் கேட்கவில்லை. ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் விலகி நின்ற விதத்தை நான் இதுவரை தேருக்குத்தான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு எதுவும் விநோதமாகத் தெரியவில்லை. உனக்காகப் பொழுது நிற்கிறதடி என்று அத்தை அவளைக் கட்டிக்கொண்டு சொன்னபோது, “வழியெல்லாம் சன்னல்ல வெயில் அடிச்சிட்டேதான் இருந்துச்சு அத்தை, மூடச் சொல்லிட்டே இருந்தாங்க,” என்றாள். பெட்டியைத் திறந்தார்கள். தகப்பனின் முகத்தை அவள் அவசரப்படாமல் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்தாள். வாய்க்கரிசி போட்டாள். மேளக்காரர்கள் பறையை எடுத்தார்கள்.

அப்பா கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனை வரைதான். அங்கே ஒரு மின்கம்பம் இருக்கிறது, அதற்கு அப்பால் எந்தப் பெண்ணும் பாடையின் பின்னால் நடந்ததில்லை. கம்பம் வந்தது, பெண்கள் நின்றார்கள். தையலக்கா நிற்கவில்லை. சண்டை போடவில்லை, அனுமதி கேட்கவில்லை, பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிளம்பிய ஒரு நடையை அந்த இடத்தில் நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் போனதால் நானும் போனேன், நான் போனதால் அத்தையும் வந்தாள். மணியக்காரர் மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான், ஊர் முழுக்க அப்பாவைப் பார்த்தது. தையலக்கா அவர் பக்கத்தில் வந்து சேர்ந்து, கையை நீட்டாமல், அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, கூடவே நடந்தாள். நாலைந்து எட்டு அப்படி நடந்தார்கள். பிறகு அப்பா கொள்ளிச்சட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒதுங்கினார்.

அவள் நெருப்பு வைத்துத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்ததும், புகைபோக்கிக்கு மேலே நின்ற சூரியன், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போகிறவனைப்போல் இறங்கத் தொடங்கியது. கண்ணெதிரே சிவந்து, மில்லுக்குப் பின்னால் போய், இல்லாமல் போனது. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தோம். ஜமால் பாய் தொப்பியைச் சரிசெய்தார், அத்தை கும்பிட்டாள், மேளக்காரர் ஒருவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காக்கைகள் கூட்டமாக மரத்துக்கு வந்தன. ஊருக்குள்ளிருந்து, ஒரு கூடை மல்லிகை ஒரே நேரத்தில் விரிந்த வாசனை சுடுகாடு வரை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உச்சிவெயில், எங்கள் அந்தி முடியட்டும் என்று காத்திருப்பதுபோல், கரையோடு நின்றுகொண்டிருந்தது.

வாய்க்காலில் முழுகிவிட்டு ஈரத்தோடு திரும்பும்போது அப்பா எல்லோருக்கும் பின்னால் தனியாக வந்தார். நான் நின்றேன். டொராண்டோவையும் தை மாதத்தையும் பூமி உப்புவதையும் பற்றி இன்னும் ஒரு முழு வாதம் என் நாக்கில் இருந்தது, ஆனால் அந்த மங்கலில் அவர் முகம் தெரிந்த விதத்தில் அதெல்லாம் வரவில்லை. பெட்டியும் இருந்தது, கரண்ட்டும் இருந்தது, ஒரு நாள் வைத்திருக்க மாட்டோம் என்று அவளிடம் ஏன் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் துண்டைப் பிழிந்தார், உதறினார், தோளில் போட்டுக்கொண்டார், பிறகு சொன்னார்.

“தூரத்துல இருக்கறவகிட்ட எதையும் சொல்லிடலாம் பாப்பா. கொள்ளிய நான்தான் வைப்பேன்னு அவ எம் மொகத்துக்கு நேரா வந்து நின்னுட்டா, என் வாயில இல்லைன்னு வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் அவ வர்றதுக்குள்ள எடுத்துடணும்னு பறந்தேன்.”